காணி கணினியான கதை

எங்கள் வங்கிக் கிளையில் என்.ஆர்.இ. கணக்குப் பார்க்கிற மேசை என்னுடையது. வெளிநாட்டுப் பணம் அந்த மேசை வழியாகத்தான் ஊருக்குள் இறங்குகிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கலிபோர்னியா, டெக்சாஸ் பக்கமிருந்து வருவது. அக்ரஹாரத்து வீடுகளில் தனியாகக் கிடக்கிற வயசான பெற்றோர் பாஸ்புக்கோடு வந்தால் மேலாளர் எழுந்து நாற்காலி போடுவார். இன்னொன்று சிங்கப்பூர், துபாய்ப் பணம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஏஜெண்டுக்கு லட்சங்களைக் கொட்டிக் கட்டட வேலைக்குப் போன பையன்கள் அனுப்புவது. அவன்களுடைய அம்மாக்கள் டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூணோரம் நிற்பார்கள். ரூபாய் நோட்டைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மேலாளருக்குத் தெரியும்.

2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். அதிலிருந்து டீக்கடையிலும் கிளையிலும் ஒரே பேச்சு. அமெரிக்காவில் இருக்கிற நம்ம புள்ளைங்க மூலதனத்தோடும் மூளையோடும் திரும்பி வருவாங்க, டெல்டாவே மாறப் போகுது என்கிறார்கள். வரட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ‘நம்ம புள்ளைங்க’ என்பதில் அந்த ‘நம்ம’ யார் என்று ஒரு கேள்வி கிடக்கிறது. அதைக் கேட்காமல் நம் தோழர்களும் கைதட்டுவதால்தான் இதை எழுதுகிறேன்.

மூளை எங்கிருந்து போனது? 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு சென்னையில் ஐ.ஐ.டி. வந்தது. 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்திப் படித்த ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. ஐ.ஐ.டி.யில் நமக்கு இடஒதுக்கீடு வந்ததோ 1973இல். நடுவில் போன பதினான்கு வருஷத்தில் ஏறியவர்கள்தான் பிறகு ஏறியவர்களுக்குக் கைகொடுத்தார்கள். கும்பகோணம் பக்கத்துத் திப்பிராஜபுரம் அக்ரஹாரத்தில் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் செய்த ஆய்வு 2014இல் புத்தகமாக வந்தது. தமிழ்ப் பார்ப்பனர்கள் நிலத்தை விட்டு எப்படிப் படிப்புக்கும், நகரத்துக்கும், அமெரிக்காவுக்கும் நகர்ந்தார்கள் என்பதை அதில் பார்க்கலாம். காணி விற்ற காசு கல்லூரிக் கட்டணமாச்சு, கல்லூரி விமான டிக்கெட்டாச்சு, டிக்கெட் டாலராச்சு. இதில் குற்றம் ஒன்றுமில்லை, எல்லாத் தகப்பனும் செய்கிற காரியம்தான். நான் கேட்பது வேறு. அந்தக் காணிக்கு விலை எப்படி வந்தது? யார் உழுதது, யார் நட்டது, யார் மடை திறக்க ராத்திரி தண்ணிக்குள்ளே நின்றது?

பண்ணையாளை நினைத்த மாத்திரத்தில் விரட்டக் கூடாது என்று தஞ்சாவூருக்கென்றே ஒரு சட்டம் போட 1952 வரை ஆனது. 1961இல் நிலஉச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள், 1970இல் 15 என்றார்கள். அதற்குள் நிலம் பினாமிப் பேரிலும் அறக்கட்டளைப் பேரிலும் ஒளிந்துகொண்டது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கும் செங்கொடி பிடித்ததற்கும் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அமெரிக்கா கதவைத் திறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது அப்போது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெண்மணிப் பண்ணையார் பார்ப்பனர் இல்லை, நாயுடு. அக்ரஹாரம் விற்ற நிலம் எங்கள் பக்கத்தில் இடைநிலைச் சாதிகள் கைக்குத்தான் போனது. சேரிக்கு ஒரு குழிகூட வரவில்லை. பார்ப்பனரை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவது நமக்கு ரொம்ப வசதியான பழக்கமாகிவிட்டது.

புலம்பெயர்ந்தவர்கள் நாட்டை வளர்த்ததற்கு எடுத்துக்காட்டாகத் தைவானைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். 1980இல் சின்ச்சு அறிவியல் பூங்கா தொடங்கியது, அமெரிக்காவில் வேலை பார்த்த மாரிஸ் சாங்கை 1985இல் அரசே கூப்பிட்டது, 1987இல் டி.எஸ்.எம்.சி. பிறந்தது. உண்மை. ஆனால் கதையைப் பாதியில் தொடங்குகிறார்கள். 1949இல் அங்கே குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்குமேல் வாங்கக் கூடாது என்று கட்டினார்கள். 1953இல் உழுதவனுக்கே நிலத்தைக் கொடுத்தார்கள். நிலக்காரனுக்கு ஈட்டில் ஒரு பங்கை அரசுத் தொழிற்சாலைகளின் பங்குப் பத்திரமாகக் கொடுத்தார்கள். அதாவது நிலம் குடியானவன் வீட்டுக்கும், பண்ணையார் முதல் தொழிலுக்கும் போனது. குத்தகைக்காரன் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். பொறியாளர்கள் திரும்பி வந்தபோது வேலைக்கு எடுக்க அங்கே ஒரு தலைமுறையே காத்திருந்தது. இங்கே முதல் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம்.

காகிதமாகப் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். திருவிடைமருதூர்ப் பக்கத்துச் சேரிப் பெண் ஒருத்தி. கம்ப்யூட்டர் சயின்ஸ், நல்ல மார்க். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. நாற்பது லட்சம் வேண்டும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பது விதி. அவள் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். “எங்களுக்கு மடத்து அடிமனைதான் தம்பி, பட்டாவெல்லாம் கெடையாது. நீங்க நம்ம புள்ளதானே, எதாச்சும் பாத்துச் செய்யுங்க” என்றார். பார்த்துச் செய்ய என்னிடம் என்ன இருக்கிறது? அதே மாசம் மூன்று ஏக்கர் நஞ்சையையும் வீட்டையும் அடமானம் வைத்த இன்னொரு பையனுக்கு அதே மாதிரிப் படிப்புக்குக் கடன் ஒப்பளிப்பாச்சு. அந்த நஞ்சையில் அந்தப் பெண்ணின் அம்மா வருஷா வருஷம் நடவு நடுகிறவர். மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். கவிதை எழுதுகிற அதே விரல்.

எச்1பி விசா 1990இல் வந்தது. அதில் போகிறவர்களைத் ‘திறமை’ போகிறது என்கிறார்கள். போவது திறமை மட்டுமா, பட்டாவும் சேர்ந்துதான் விமானம் ஏறுகிறது.

போனவர்கள் திரும்பக் கொண்டுவருவது என்ன? பணத்தைவிட முக்கியமானது தொடர்பு என்கிறார்கள் அறிஞர்கள். யாருக்கு யாரைத் தெரியும், யார் யாரை நம்பி முதல் போடுவார், யார் யாரை வேலைக்குச் சொல்வார் என்கிற வலை. இந்த வலையை எங்கள் ஊரில் சாதி என்று சொல்வோம். கடல் தாண்டினால் கழன்றுவிடும் என்பதும் பொய். 2020இல் கலிபோர்னியா அரசுத் துறையே சிஸ்கோ கம்பெனி மீது வழக்குப் போட்டது, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்று. தனிப்பட்ட இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அந்தத் துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேச இருந்த கூட்டத்தை ஊழியர்கள் சிலர் எதிர்ப்புக் காட்டவும் ரத்து செய்தார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டது. அதே வருஷம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். இந்த வலைதான் ‘உதவி’யாக இங்கே திரும்பி வருகிறது.

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான ஸ்ரீதர் வேம்புவைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். சென்னை ஐ.ஐ.டி., பிரின்ஸ்டன், பிறகு 1996இல் தொடங்கிய கம்பெனி, இப்போது ஜோஹோ. அவர் அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனால் 2005இலிருந்து பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, பட்டம் இல்லாமலே மென்பொருள் எழுத வைக்கிறது அந்தக் கம்பெனி. நல்ல காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் ‘தகுதி திறமை’ என்று இத்தனை காலம் நம் முகத்தில் எறிந்த சான்றிதழுக்கு என்ன மரியாதை? இரண்டு வருஷப் பயிற்சியில் வருகிற வித்தைதான் அது என்றால், அந்தப் பயிற்சியைச் சேரிக்குக் கொடுக்க இத்தனை காலம் தடுத்தது எது?

நமக்கும் புலம்பெயர்வு உண்டு தோழர்களே. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்கள் யார்? என் பாட்டனின் அண்ணன் ரப்பர் காட்டுக்குப் போனார், திரும்பவில்லை. 2003இலிருந்து அரசு கொண்டாடுகிற பிரவாசி திவசில் அவருக்கு நாற்காலி கிடையாது. சிங்கப்பூரில் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து வேலைக்குப் போகிற பையன்களுக்கும் கிடையாது. 2023-24க்கு ரிசர்வ் வங்கி எடுத்த கணக்கில் அமெரிக்கப் பணம் 27.7 சதவீதத்தோடு முதலிடம். ஆனால் வளைகுடா நாடுகள் ஆறையும் கூட்டினால் அதைவிட அதிகம். 1998இல் அணுகுண்டு வெடித்து டாலர் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு இந்தியர்களின் ‘தேசப்பற்று’க்கு டாலரிலேயே 7.75 சதவீத வட்டி கொடுத்துப் பத்திரம் விற்றார்கள். கான்கிரீட் கலக்குகிறவன் பணத்துக்கு யார் தேசப்பற்று என்று பேர் வைத்தது?

படித்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவரும் நமக்கு உண்டு. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார் அம்பேத்கர். பிணை கேட்டிருந்தால் போயிருக்க முடியுமா? இன்றைக்கு மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை இந்தியா முழுமைக்கும் வருஷத்துக்கு 125 இடம். அதில் நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் சேர்த்து 4. நான்கு! எங்கள் வட்டத்தில் ஒரு தெருவுக்குக் காணாது.

ஆகவே கைதட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்போம். டைடல் என்பது டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்களின் பேரைச் சேர்த்து வைத்த பேர். கட்டடத்தில் இருப்பது பொதுப்பணம். அங்கே வாடகைக்கு வருகிற கம்பெனி 18 சதவீதத்தையும் 1 சதவீதத்தையும் கணக்குக் காட்டட்டும். வெளிநாட்டில் படிக்கிற நம் பிள்ளைகளின் கடனுக்குச் சொத்துக்குப் பதிலாகத் தாட்கோ பிணை நிற்கட்டும். திரும்பி வந்து ஊருக்கு உதவ நினைக்கிற அமெரிக்கத் தம்பிகளும் கோயில் குடமுழுக்குக்கு அனுப்புவதில் பாதியை இந்தப் பிணைநிதியில் போடட்டும். தர்மமாக வேண்டாம், பாக்கிக் கூலியாக.

மனு தயாராக இருக்கிறது, மூன்று பக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிடைமருதூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டித் தெருக்களில் மாணவர்கள் கையெழுத்து வாங்கலாம். தூணோரம் நிற்கிற அம்மாக்களிடம் முதலில் வாங்குங்கள். கைநாட்டு என்றாலும் பரவாயில்லை, மை டப்பா நான் கொண்டுவருகிறேன்.