தீர்ப்பில்லாது முடிந்த வழக்கு

"நீ யார் பக்கம்?" என்ற கேள்வியை விளம்பரமாக முழங்கிக்கொண்டு 2006ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சித்திரக்கதை வெளிவரத் தொடங்கிற்று. மார்வல் நிறுவனத்தார் வெளியிட்ட அக்கதையின் பெயர் "சிவில் வோர்", அதாவது உள்நாட்டுப் போர். மார்க் மில்லர் எழுத, ஸ்ரீவ் மக்நிவன் சித்திரந் தீட்ட, ஏழு இதழ்களாக வெளிவந்து 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது முற்றுப்பெற்றது. அவ்வேழு இதழ்களையும் நாம் ஒருமுறையன்று, பன்முறை படித்திருக்கின்றோம். வழக்குக் கட்டுகளுக்கிடையே சித்திரக்கதையை வைத்திருக்கும் சட்டத்தரணியைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். பறக்கும் மனிதரும் இரும்புக் கவசம் பூண்ட கோடீசுவரரும் உலவும் கதைதான் அது. ஆயினும் அதன் நடுவே நிற்பது வாளுமன்று, வல்லமையுமன்று, ஒரு சட்டம். ஆகவே அதுபற்றி அபிப்பிராயங் கூற எமக்கும் உரிமை உண்டு என்று நம்புகின்றோம்.

கதையைச் சுருக்கிச் சொல்வோம். கனெற்றிக்கற் மாநிலத்து ஸ்ராம்போட் நகரில், "நியூ வொரியர்ஸ்" என்னும் இளம் வீரர் கூட்டமொன்று தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் குற்றவாளிகள் சிலரைப் பிடிக்கப் புறப்படுகின்றது. அக்குற்றவாளிகளுள் நைற்றோ என்பவன் தன்னுடலையே வெடிக்கச் செய்யும் ஆற்றல் படைத்தவன். அவன் வெடித்தான், அருகே பாடசாலை. பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நாடு கொதித்தெழுந்தது. அரசாங்கம் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. அதிசய ஆற்றலுடையோர் யாவரும் தம் உண்மைப் பெயரை அரசாங்கத்திடம் பதிவுசெய்து, பயிற்சி பெற்று, அரசாங்கத்தின் ஊழியராகவே செயலாற்ற வேண்டும். மறுப்போர் குற்றவாளிகள் என்பதே அச்சட்டம். இரும்பு மனிதன் எனப்படும் ரோனி ஸ்ராக் சட்டத்தின் பக்கம் நின்றான். கப்டன் அமெரிக்கா எனப்படும் ஸ்ரீவ் ரொஜர்ஸ் எதிர்த்து நின்றான். நேற்றுவரை தோழராயிருந்த இருவரும் பகைவராயினர்.

இக்கதையை விரும்பிப் படித்தோருட் பலர் இரண்டிலொரு கட்சியிற் சேர்ந்து வாதிட்டனர். நாம் இரண்டிலும் சேர்ந்தோமல்லோம். இரு தலைவரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பதே எமது கட்சி.

பதிவு வேறு, சிறை வேறு

முதலில் ஸ்ராக்கின் வாதத்தைக் கேட்போம். மோட்டார் வண்டி ஓட்டுபவனுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நோய் தீர்க்கும் வைத்தியரும் பெயர் பதிந்தவரே. வழக்குரைக்கும் நாமும் பெயர் பதிந்து சத்தியஞ் செய்த பின்னரே மன்றேறுகின்றோம். ஒழுக்கந் தவறினால் எமது பெயர் நீக்கப்படும். அவ்வாறிருக்க, ஒரு கையசைவில் தெருவொன்றையே தரைமட்டமாக்க வல்லவன் முகமூடிக்குள் ஒளிந்துகொண்டு எவர்க்கும் பதில் சொல்லாது திரியலாமோ? முதலாம் இதழிலே, ஸ்ராம்போட்டிற் பிள்ளையைப் பறிகொடுத்த மிரியம் ஷார்ப் என்னும் தாய், தேவாலயத்தில் ஸ்ராக்கின் முகத்தில் உமிழ்கின்றாள். அத்தாய்க்கு விடை சொல்லாத வாதம் எதுவும் வாதமாகாது. பதிவு என்னும் தத்துவத்தை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் ஸ்ராக்கின் சட்டம் பதிவோடு நின்றதா? இல்லை. பெயர் பதிந்தவன் அரசாங்கத்தின் ஏவலாளாகவும் ஆகவேண்டுமென்றது. மறுத்தவர்களை அடைப்பதற்கென "எதிர்மறை வலயம்" என்னும் வேற்றுலகிலே "42" என இலக்கமிட்ட சிறையொன்றை ஸ்ராக்கும் அவன் நண்பர்களும் எழுப்பினர். விசாரணையில்லை, தவணையில்லை, இணங்கும்வரை இருப்பு. அச்சிறை ஐக்கிய அமெரிக்க மண்ணில் இல்லை. ஆகவே அந்நாட்டு நீதிமன்றத்தின் கை அங்கே எட்டாது என்பதுதான் அதன் சூட்சுமம். "புரொன்ற் லைன்" என்ற துணைத்தொடரிலே ராபி பால்ட்வின் என்னும் இளைஞனின் கதி சொல்லப்படுகின்றது. அவன் ஸ்ராம்போட்டில் உயிர் தப்பிய வீரன். வெடித்தவன் அவனல்லன், பழி சுமந்தவன் அவனே. பெயர் பதிந்தால் விடுதலை, மறுத்தால் மறியல் என்று அவனிடம் பேரம் பேசப்படுகின்றது.

பதிய மறுத்தவனுக்குத் தண்டம் விதிக்கலாம். நீதவான் முன் நிறுத்திக் குற்றத்தை நிரூபித்து மறியற்சாலைக்கும் அனுப்பலாம். அது சட்டம். நீதவான் கண்ணிற் படாத இடத்திற் கொண்டுபோய்ப் பூட்டுவது சட்டமன்று. சட்டத்தின் உடுப்பை அணிந்துகொண்ட பலாத்காரம்.

கற்பனையோ, நடந்ததோ?

வேற்றுலகச் சிறை என்பது வெறுங் கற்பனை என்று எண்ணுவோர் ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 2002ஆம் ஆண்டு ஜனவரியில், கியூபாவின் குவாந்தனாமோக் குடாவிலுள்ள தன் கடற்படைத் தளத்தில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் சிறைக்கூடந் திறந்தது. அது கியூபாவின் மண். ஆகவே எமது நீதிமன்றங்களுக்கு அங்கு அதிகாரமில்லை என்று அரசாங்கம் வாதிட்டது. 2004ஆம் ஆண்டு ரசூல் வழக்கில் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. அரசாங்கம் அடங்கிற்றா? இச்சித்திரக்கதை வெளிவந்துகொண்டிருந்த நாட்களிலேயே, 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி, ஜனாதிபதி புஷ் இராணுவ ஆணைக்குழுக்கள் சட்டத்திற் கையொப்பமிட்டார். அக்கைதிகளின் ஆட்கொணர்வு மனுக்களை நீதிமன்றங்கள் கேட்கலாகாது என்று அச்சட்டம் விதித்தது. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூமெடியன் வழக்கிலே, ஐவருக்கு நால்வராய்ப் பிரிந்த உயர் நீதிமன்றம், அவ்விதி அரசியலமைப்புக்கு முரணென்று தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் அந்தனி கெனடி.

கப்டன் அமெரிக்காவின் வரலாற்றுக்குள்ளேயே இன்னொரு சாட்சி உண்டு. யூதக் குடும்பங்களிற் பிறந்த ஜோ சைமன், ஜக் கேர்பி என்னும் இருவர் படைத்த அவ்வீரன், 1941 மார்ச் எனத் திகதியிட்ட தன் முதலிதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்திற் குத்துவிட்டான். அப்போது ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டு, 1942 பெப்ரவரியில், ஜனாதிபதி ரூஸ்வெல்ற் இட்ட ஆணையின் விளைவாக ஜப்பானிய வம்சத்தவர் ஏறக்குறைய 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றிலிரு பங்கினர் அந்நாட்டுப் பிரசைகள். அம்மக்கள் எங்கெங்கே செறிந்து வாழ்ந்தனர் என்பதை 1940ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின் விபரங்கள் காட்டிக்கொடுத்தன. மக்களை எண்ணுவதற்காகத் திரட்டிய ஏடு, மக்களை அடைப்பதற்கு உதவிற்று. பதிவேட்டை நாம் எதிர்க்கவில்லை என்றோம். அதன்மேற் காவல் வேண்டும் என்பதையும் உடனே சொல்லுகின்றோம்.

கப்டனின் பிழை

இனிக் கப்டன் பக்கம் வருவோம். சட்டம் நிறைவேறுமுன்னரே, "ஷீல்ட்" என்னும் காவற்படையின் தலைவி மரியா ஹில் அவனை அழைத்து, இணங்காத வீரர்களைப் பிடித்துத் தருமாறு கேட்கின்றாள். அவன் மறுக்கின்றான். யார் குற்றவாளி என்பதை அரசியல்வாதிகள் வகுக்கத் தொடங்கிவிடுவர் என்று அஞ்சுகின்றான். அம்மறுப்பு நியாயமானது, அவன் மேல் எமக்குள்ள அன்பும் அதனாலேயே.

ஆனால் அதன்பின் அவன் செய்ததென்ன? மறைவிடந் தேடினான்; படை திரட்டினான்; தெருவில் இறங்கிப் போரிட்டான். ஏழு இதழ்களைப் புரட்டினும் அவன் அணியார் ஒரு மனுவேனும் எழுதி ஒரு மன்றத்தின் கதவையேனும் தட்டியதாகக் காணோம். மெய்யுலகிலே குவாந்தனாமோக் கைதிகளுக்காகச் சட்டத்தரணிகள் ஆண்டுக்கணக்கில் மனுவெழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், கதையுலகின் நீதிமான் முட்டியையே நம்பினான். ஸ்ராக்கோ, சிறைப்பட்டிருந்த கொடியோரையே வேட்டைக்கு ஏவினான். தோர் என்னும் வீரனின் போலியுருவொன்றைச் செய்து களத்தில் விட்டான். அது கோலியாத் எனப்படும் பில் பொஸ்ரரைக் கொன்றது. ஒருவன் நீதிமன்றத்தைச் சுற்றிப்போனான். மற்றவன் நீதிமன்றத்தை மறந்துபோனான்.

ஏழாம் இதழில் நியூயோர்க் நகரத் தெருவிலே இறுதிப்போர். ஸ்ராக் வீழ்ந்து கிடக்கின்றான். கப்டன் கையோங்குகின்றான். அவ்வேளை தீயணைப்போர், பொலிசார் முதலிய சாதாரண மனிதர் பாய்ந்து அவனைப் பிடித்து நிறுத்துகின்றனர். நிமிர்ந்து பார்க்கின்றான், யாருக்காகப் போராடுவதாக எண்ணினானோ அம்மக்களின் நகரம் இடிந்து கிடக்கின்றது. முகமூடியைக் கழற்றிவிட்டுச் சரணடைகின்றான்.

இம்முடிவு சப்பென்று போயிற்று என்று குறைகூறும் அன்பர்கள் உளர். நாம் உடன்படோம். மக்களைத் திரட்டிப் பழகியவர்களுக்கு அச்சித்திரத்தின் கனம் தெரியும். மக்கள் பெயராற் தொடங்கிய போர் மக்கள் மேலேயே விழுகின்றது என்று கண்டவுடன் கையை இறக்க வல்லவனே தலைவன். ஆனால் கையை இறக்குவது வேறு. உரிமையைக் கைவிடுவது வேறு. தெருவில் விட்ட வாதத்தை அவன் மன்றிலே தொடர்ந்திருக்க வேண்டும்.

அதற்குக் கதாசிரியர்கள் இடங்கொடுத்தார்களா? 2007ஆம் ஆண்டு வெளிவந்த "கப்டன் அமெரிக்கா" 25ஆம் இதழிலே, எட் புரூபேக்கர் எழுதிய கதையில், விலங்கிடப்பட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் ஸ்ரீவ் ரொஜர்ஸ் அதன் படிக்கட்டிலே சுடப்படுகின்றான். பதிவுச்சட்டம் செல்லுமா, வேற்றுலகச் சிறை செல்லுமா என்ற கேள்விகளோடு அவன் படியேறினான், உள்ளே போகவில்லை. எதிரி இறந்தான், வழக்கு முடிந்தது, தீர்ப்பில்லை. போரில் வென்றவன் வழக்கிலும் வென்றவனாகிவிட்டான். இத்தொடரின் மேல் எமக்குள்ள பெருங்குறை இதுவே.

நல்லவன் கையும் தீயவன் கையும்

நீதிமன்றம் சொல்லாத தீர்ப்பைக் காலம் சொல்லிற்று. போருக்குப் பின் ஷீல்டின் தலைவனாகிப் பதிவேட்டையும் கையில் வைத்திருந்த ஸ்ராக், 2008ஆம் ஆண்டின் "சீக்ரற் இன்வேஷன்" தொடர் முடிவிற் பதவியிழந்தான். அவ்விடத்துக்கு வந்தவன் யார்? நோர்மன் ஒஸ்போர்ன்; கொலைபாதகன். 2009ஆம் ஆண்டுக் கதைகளிலே, பதிவேடு ஒஸ்போர்ன் கைக்குப் போகாதபடி ஸ்ராக் அதனை அழிக்கின்றான். எஞ்சிய பிரதி தன் மூளையிலேயே இருந்தமையால், தன் மூளையையே சிறிது சிறிதாக அழித்துக்கொண்டு ஓடுகின்றான். தான் நல்லவன், ஆகவே தன் கையில் அதிகாரம் இருக்கலாம் என்று நம்பியவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனையை எந்த நீதவானும் விதித்திருக்க முடியாது. 2010ஆம் ஆண்டிலே, ஒஸ்போர்ன் வீழ்ந்தபின், அச்சட்டம் நீக்கப்படுகின்றது.

2016ஆம் ஆண்டு இதே பெயரில் வந்த திரைப்படத்தை மாத்திரம் பார்த்தோர் இப்பாடத்தைப் பெற்றிரார். அங்கே வழக்கு விரைவில் நட்பும் பழிவாங்கலுமாகச் சுருங்கிவிடுகின்றது. சித்திரக்கதையைத் தேடிப் படிக்குமாறு அவர்களை வேண்டுகின்றோம்.

நீதிமன்றம் மட்டுந் தவறாதோ என்று கேட்பீர்கள். தவறும். ஜப்பானிய வம்சத்தவரை வெளியேற்றிய ஆணை செல்லும் என்று 1944ஆம் ஆண்டு கொரமற்சு வழக்கிலே உயர் நீதிமன்றம் தீர்த்தது. அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம். ஆனால் அத்தீர்ப்பு எழுத்தில் இருந்தது. அம்மூவரின் மறுப்பும் எழுத்தில் இருந்தது. 1988ஆம் ஆண்டு அந்நாடு சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோர்க்கு ஆளுக்கு 20,000 டொலர் கொடுத்தது. 2018ஆம் ஆண்டு பிரதம நீதியரசர் ஜோன் ரொபேட்ஸ், அத்தீர்ப்பு அது வழங்கப்பட்ட நாளிலேயே மிகத் தவறானது என்று எழுதினார். மன்றில் நிகழ்ந்த தவறு ஏட்டில் நின்று திருத்தத்துக்குக் காத்திருக்கும். "42"ஆம் இலக்கச் சிறையில் நிகழ்ந்த தவறுக்கு ஏடு ஏது?

சட்டமியற்றுவோர் அதனை நல்லவன் கையில் வைத்து அழகு பார்த்தல் போதாது. தீயவன் கையில் வைத்து அஞ்சிப் பார்த்தல் வேண்டும். அவ்வச்சத்துக்கு மருந்து ஒன்றே: எவர் கையும் எட்டாத இடத்தில் எந்த மனிதனையும் பூட்டாதிருத்தல்.

நீ யார் பக்கம் என்று கேட்டது அக்கதை. இரும்பு மனிதன் பக்கமுமன்று, கப்டன் பக்கமுமன்று. கப்டன் ஏறி முடிக்காத அப்படிக்கட்டின் உச்சியிலே, திறந்திருக்க வேண்டிய கதவின் பக்கம் நாம்.