பருப்பில்லாக் குழம்பும் பந்திக்கு உரியதே

காய்கறிக் குழம்பு என்றதும் தமிழர் இல்லங்களில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சாம்பார்தான். துவரம்பருப்போ மைசூர்ப் பருப்போ குழைய வெந்து, அதில் காய்கறித் துண்டுகள் கலந்திருந்தால்தான் அது குழம்பு என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. வாழையிலை உணவகத்தில் சோற்றின்மேல் ஊற்றச் சாம்பாரும் பருப்பும் வருகின்றன. ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் வருவதும் பெரும்பாலும் பருப்புக் கறிதான். கூட்டு, டால்ச்சா என எதை எடுத்தாலும் அங்கும் பருப்பு இருக்கிறது. பருப்பு சத்தான உணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பருப்பு இல்லாவிட்டால் காய்கறிக் குழம்பே இல்லை என்று நினைப்பது சரியா?

எல்லாராலும் பருப்பை உண்ண முடிவதில்லை. சிலருக்குப் பருப்பு வகைகள் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. தோல் தடிப்பதும் உதடு வீங்குவதும் மூச்சுத் திணறுவதும் அதன் அறிகுறிகளாகும். வேறு சிலருக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. பருப்பில் உள்ள சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைக்கும்போது வாயு உண்டாகிறது. சிறுநீரக நோயாளிகள் சிலரிடம் பருப்பின் அளவைக் குறைக்குமாறு மருத்துவர்கள் கூறுவதும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு ‘ஜி6பிடி’ என்னும் நொதிக் குறைபாடு உள்ளதா என்று சோதிக்கப்படுகிறது. அக்குறைபாடு உள்ளவர்கள் ‘ஃபாவா’ எனப்படும் பெரிய அவரை விதையை உண்ணக்கூடாது. காச்சாங் பூத்தே பொட்டலத்தில் இவ்விதை வறுத்துச் சேர்க்கப்பட்டிருக்கலாம். மற்றப் பருப்புகளை உண்ணலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இத்தகைய ஒருவர் வீட்டில் இருந்தால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? வீட்டார் அனைவருக்கும் சாம்பார் கொதிக்கிறது. அவருக்கு மட்டும் மோரோ ஊறுகாயோ முதல்நாள் பொரியலோ கிடைக்கிறது. “எனக்கு என்ன, கொஞ்சம் மோர் இருந்தால் போதும்” என்று பாட்டி சொல்லிவிடுவார். வீட்டாரும் அதை உண்மையென்றே நம்பிவிடுகின்றனர். பிள்ளையாக இருந்தால், தன்னால் வீட்டில் எல்லாருக்கும் தொல்லை என்று அது எண்ணத் தொடங்கிவிடும். சில வீடுகளில் இந்நிலையைத் தவிர்க்க இரண்டு சட்டி வைத்து இரண்டு குழம்பு சமைக்கின்றனர். அந்த இரட்டை வேலை பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. வாரத்தில் சில நாள்களாவது பருப்பில்லாத காய்கறிக் குழம்பைச் சமைத்து, வீட்டார் அனைவரும் அதையே உண்ணலாம். பருப்பு ஆகாத ஒருவருக்காக மற்றவர்கள் சுவையைத் துறக்க வேண்டியதில்லை. ஏனெனில், பருப்பில்லாக் குழம்பு பத்தியச் சாப்பாடன்று. முறையாகச் சமைத்தால் அது சாம்பாருக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

“பருப்பு இல்லாமல் குழம்பு ருசிக்குமா?” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடைகாண, குழம்பில் பருப்பு செய்யும் வேலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும். பருப்பு குழம்பைக் கெட்டியாக்குகிறது. புளியின் கடுமையைத் தணிக்கிறது. மெல்லிய இனிப்பைத் தருகிறது. இம்மூன்று வேலைகளையும் வேறு பொருள்களாலும் செய்ய முடியும். நன்கு வெந்து மசிந்த மஞ்சள் பூசணி குழம்பைக் கெட்டியாக்கி, இனிப்பையும் சேர்க்கிறது. அரைத்த தேங்காய் புளிப்பையும் காரத்தையும் தணிக்கிறது. பொன்னிறமாக வதங்கிய சின்ன வெங்காயம் குழம்புக்கு ஆழ்ந்த சுவையைத் தருகிறது.

இவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. தமிழர் சமையலில் பருப்பைச் சார்ந்திராத குழம்புகள் ஏராளமாக உள்ளன. புளிக்குழம்பும் வத்தக்குழம்பும் காரக்குழம்பும் பருப்பு வேகவைக்காமலேயே செய்யப்படுகின்றன. தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியலுக்கும் பருப்பு தேவையில்லை. தேங்காய்ப்பாலில் கொதிக்கும் யாழ்ப்பாணத்துச் சொதியை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் பல குடும்பங்கள் அறியும். மோர்க்குழம்புக்கு ஊறவைத்த துவரம்பருப்பை அரைத்துச் சேர்ப்பவர்கள், அதற்குப் பதிலாக ஊறவைத்த அரிசியை அரைத்துச் சேர்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, நால்வர் உண்பதற்குக் கத்தரிக்காய், முருங்கைக்காய்க் குழம்பு சமைக்கும் முறையைக் காணலாம். 250 கிராம் கத்தரிக்காய், 1 முருங்கைக்காய், 150 கிராம் மஞ்சள் பூசணி, 15 சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு, 2 தக்காளி, சிறு எலுமிச்சை அளவு புளி ஆகியவை வேண்டும். அரைப்பதற்கு அரைக் கோப்பை தேங்காய்த் துருவலும் அரைத் தேக்கரண்டிச் சீரகமும் போதும். மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றையும் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் புளியை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். நறுக்கிய கத்தரிக்காயை உடனே தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் அது கறுத்துவிடும். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு, அது வெடித்த பிறகு கறிவேப்பிலையைச் சேர்க்க வேண்டும். பிறகு வெங்காயத்தையும் பூண்டையும் மிதமான தீயில் பொன்னிறமாகும்வரை வதக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் குழம்பின் சுவை பாதியாகிவிடும். அடுத்துத் தக்காளியைக் குழைய வதக்கி, தீயைக் குறைத்துத் தூள் வகைகளைச் சேர்த்துக் கிளற வேண்டும். மசாலாவின் மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். ஆனால், தீ அதிகமானால் தூள் கருகிக் கசந்துவிடும். பச்சை வாடை நீங்கி, எண்ணெய் ஓரங்களில் பிரிந்து வருவதே சரியான பதம்.

இப்பொழுது காய்கறிகளையும் 2 கோப்பைத் தண்ணீரையும் உப்பையும் சேர்த்து வேகவிட வேண்டும். பலர் புளிக்கரைசலையும் இப்பொழுதே ஊற்றிவிடுகின்றனர். அது தவறு. புளிப்பு காய்கறிகளை எளிதில் மென்மையாக விடாது. காய்கள் முக்கால் பதம் வெந்த பிறகே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். அதற்கு முன்பு பூசணித் துண்டுகளை மட்டும் கரண்டியால் நன்கு மசித்துவிட வேண்டும். புளியின் பச்சை வாடை போகக் கொதித்ததும், அரைத்த தேங்காய் விழுதைச் சேர்த்து, குழம்பு நுரைத்துப் பொங்கி வரும்போது அடுப்பை அணைத்துவிடலாம். தேங்காய் சேர்த்த பின் நெடுநேரம் கொதித்தால் எண்ணெய் பிரிந்து குழம்பு திரிந்துபோகும். சமைத்தவுடன் உண்பதைவிட அரைமணி நேரம் மூடிவைத்து உண்டால், காய்களில் புளியும் காரமும் ஊறிச் சுவை கூடும்.

பருப்பைத் தவிர்ப்பவர் இருக்கும் வீட்டில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பருப்பு பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. தாளிப்பில் உளுத்தம்பருப்பு போடுவது பலரின் வழக்கம். சாம்பார்ப் பொடியில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் வறுத்து அரைக்கப்பட்டிருக்கலாம். ரசத்தில் பருப்புத் தண்ணீரைச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்பளம் பெரும்பாலும் உளுந்து மாவால் ஆனது. வடகத்திலும் உளுந்து சேர்க்கப்பட்டிருக்கலாம். சட்டினியில் சேரும் பொட்டுக்கடலையும் ஒரு பருப்பே. தவ்வும் தெம்பேயும் சோயா அவரையிலிருந்து செய்யப்படுகின்றன. வெந்தயம் ஒரு மசாலாப் பொருளாக இருந்தாலும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே, ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் குறித்தும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பொருள் பட்டியலைப் படிக்கும் பழக்கம் இவ்வீடுகளுக்கு மிகவும் தேவையானது.

“பருப்பை விட்டால் புரதச்சத்துக்கு எங்கே போவது?” என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வியே. வேகவைத்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதம் உள்ளது. கத்தரிக்காயும் பூசணியும் அந்த அளவுக்குப் புரதம் தருவதில்லை. எனவே, பருப்பில்லாக் குழம்பும் சோறும் மட்டுமே முழுமையான உணவாகிவிடா. அவற்றோடு வேறு புரத உணவும் தட்டில் இருக்க வேண்டும். ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 8 கிராம் உண்டு. மீன், கோழி, தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றுள் குடும்பத்தின் வழக்கத்திற்கு ஏற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். மலேசியச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘கால், கால், அரை’ முறையும் இதையே உணர்த்துகிறது. தட்டில் கால் பங்கு சோறு போன்ற மாவுச்சத்து, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். காய்கள் நிறைந்த குழம்பு அந்த அரைப் பங்கை நிரப்ப உதவும். பருப்பை உண்ணக்கூடியவர்கள் மற்ற நாள்களில் அதை உண்ணலாம். சைவ உணவினர் மருத்துவரின் ஆலோசனையின்றித் தாமாகவே பருப்பை முற்றிலும் கைவிடுவது அறிவுடைமையாகாது.

“வேலைக்குச் சென்று வரும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்றும் கேட்கப்படுவதுண்டு. உண்மையில், இக்குழம்புக்குப் பருப்பை ஊறவைக்கவும் வேகவைக்கவும் தேவையில்லை. காய்கள் நறுக்கித் தயாராக இருந்தால் 40 நிமிடத்திற்குள் அடுப்பிலிருந்து இறக்கிவிடலாம். நேரத்தை விழுங்குவது வெங்காயத்தை உரிப்பதும் காயை நறுக்குவதும்தான். அந்த வேலையை வீட்டிலுள்ள பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்னும் வேறுபாடு இதற்கு வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் புளி கரைக்கவும் காய் நறுக்கவும் மசாலாவின் பதம் பார்க்கவும் கற்றுக்கொண்டால், பின்னாளில் விடுதியில் தங்கிப் படிக்கும்போதும் அது கைகொடுக்கும். கைப்பக்குவம் பிறவியிலேயே வருவதன்று. பலமுறை சமைத்துப் பார்த்தே அதைப் பெற முடியும்.

செலவைப் பொறுத்தவரையிலும் இக்குழம்பு சுமையன்று. கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி போன்றவை காலைச் சந்தையிலும் இரவுச் சந்தையிலும் எளிதில் கிடைக்கின்றன. கேமரன் மலையில் விளையும் தக்காளியும் மற்றக் காய்களும் மலேசியச் சந்தைகளுக்கு மட்டுமன்றிச் சிங்கப்பூருக்கும் செல்கின்றன. ஒருநாள் முருங்கைக்காய் விலை கூடியிருந்தால், அதற்குப் பதிலாக உருளைக்கிழங்கைச் சேர்க்கலாம். ஆனால் பயற்றங்காயும் அவரைக்காயும் பருப்பு இனத்தைச் சேர்ந்த காய்கள். ஆகவே, வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அவற்றைக் கேட்டறிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

உணவு பசியைத் தீர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. வீட்டிலுள்ளவர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரே குழம்பை உண்ணும்போது, யாரும் தனித்துவிடப்பட்டதாக உணர்வதில்லை. மோர் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த பாட்டியும் இரண்டாம் முறை குழம்பு கேட்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு துண்டு பூசணியும் கொஞ்சம் தேங்காயும் சிறிது பொறுமையும்தான். ஆகவே, வீட்டில் ஒருவருக்குப் பருப்பு ஆகாது என்று தெரிந்தால், அவருக்கெனத் தனிச்சட்டி தேடுவதற்கு முன்பு, எல்லாருக்கும் ஏற்ற ஒரு குழம்பைச் சமைக்கக் கற்றுக்கொள்வதே சிறந்தது.