மண் மீண்டது, விதை?

ம.பொ.சி. முதலானோர் நடத்திய போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. மண்ணை மீட்டோம், விதையை மீட்டோமா?

அதே 1960இல், அமெரிக்க அறக்கட்டளைகளின் பொருளுதவியால் பிலிப்பீன்சில் பன்னாட்டு நெல்லாய்வு நிறுவனம் எழுந்தது. இன்று திருத்தணி அடங்கியுள்ள திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பம் நெல்லாய்வு நிலையம் உருவாக்கிய நெல் 'டி.கே.எம். 6'. அது நம் உழவர் காத்த கிச்சிலிச் சம்பாவின் வழிவந்தது; குருத்துப் பூச்சியைத் தாங்கி நிற்பது. அதனைத் தாய்தந்தையருள் ஒன்றாக்கியே அந்நிறுவனம் 1969இல் 'ஐ.ஆர். 20'ஐ வெளியிட்டது. 1980களில் உலகின் பெரும்பரப்பில் விளைந்த 'ஐ.ஆர். 36'இன் மரபிலும் அந்நெல் உண்டு.

ஊர்ப்பெயர் மூன்று ஆங்கில எழுத்துகளாய்ச் சுருங்கிற்று. பின்னர் அவையும் மறைந்தன!

தாம் காத்த விதையிலிருந்து புதுவகை பிறப்பின், பயனில் பங்கு கேட்கும் உரிமையை 2001ஆம் ஆண்டுப் பயிர்வகைக் காப்புச் சட்டம் உழவர்க்கு வழங்கியுள்ளது. ஆனால் விதையின் வரலாறு ஆங்கில ஆய்வேடுகளில் அடைபட்டுக் கிடப்பின், உழவன் எதைக் காட்டிக் கேட்பான்? உலக உணவை ஆராயும் பல்கலைக்கழகங்களே, உழவன் மொழியில் எழுதுக! விதைப்பையில் தாய்நெல்லின் பெயரைத் தமிழில் பொறித்திடுக! அறிந்தவனே உரிமை கேட்பான், கேட்பவனே பெறுவான்!