இன்று என்னும் கிருபை





பட்டணத்தில் நம்முடைய நாள் விடியுமுன்னே தொடங்கிவிடுகிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகளின் பள்ளி, அலுவலகத்திற்கான டிபன் டப்பா, தவறவிடக் கூடாத ரயில் என்று கடிகாரம் நம்மைத் துரத்துகிறது. இவற்றின் நடுவே செய்தித்தாளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறோம். விபத்து, வெள்ளம், மரண அறிவிப்பு. எல்லாம் யாருக்கோ நேரிட்டவை என்று எண்ணி மடித்து வைத்துவிடுகிறோம். அந்தச் செய்தியில் இடம்பெற்றவர்களும் முந்தின நாள் நம்மைப்போலவே செய்தித்தாள் வாசித்தவர்கள் என்பதை நாம் நினைப்பதில்லை.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பையில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஜனங்கள் வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டார்கள். பிற்பகலில் மழை வலுத்தது. மறுநாள் காலைவரையிலான 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நேரத்தில், அதே நகரத்தின் தென்முனையாகிய கொலாபாவில் பதிவானதோ ஏறக்குறைய 73 மில்லிமீட்டர் மட்டுமே! தெற்கே அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர்கள், வடக்கே தங்கள் வீட்டுவாசலில் வெள்ளம் ஏறுவதை அறியாதிருந்தார்கள். மித்தி ஆறு கரைபுரண்டது. ரயில்கள் நின்றன. சாக்கிநாக்காவில் மண்சரிவு வீடுகளைப் புதைத்தது. வெள்ளத்தில் சிக்கிய கார்களின் கதவு திறவாமல், உள்ளேயே மூச்சடங்கினவர்களும் உண்டு. மகாராஷ்டிரா முழுவதிலும் அந்நாட்களில் மாண்டவர்கள் ஆயிரத்திற்கும் அதிகம். காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவர்களில் ஒருவரும் அதைக் கடைசி விடைபெறுதல் என்று எண்ணவில்லை.

பிரியமானவர்களே, யாக்கோபு நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை 13-ஆம் வசனம் முதல் வாசித்துப் பாருங்கள். பிழைப்புக்காக வேறொரு பட்டணம் சென்று, வருஷக்கணக்குப் போட்டு, ஆதாயம் பார்க்கத் திட்டமிடுகிறவர்களோடு அவர் பேசுகிறார். ஊரைவிட்டு வந்த நமக்கென்றே எழுதப்பட்டதுபோல் இல்லையா? திட்டமிடுவதை அவர் குற்றம் என்று சொல்லவில்லை. கர்த்தருடைய சித்தத்தை விட்டுவிட்டுத் திட்டமிடுவதையே கண்டிக்கிறார். நம் ஜீவனுக்கு ஒப்பாக அவர் சொல்லும் கிரேக்கச் சொல் ‘அட்மிஸ்’. நீராவி என்றும் அதற்குப் பொருள் உண்டு. இட்லிப் பானையின் மூடியைத் திறந்தவுடன் எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைகிறதே, அந்த ஆவியைப் போன்றதே நம்முடைய வாழ்வு.

அநேகர் இந்த இடத்தோடு வேதத்தை மூடிவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். யாக்கோபு இதோடு நிற்கவில்லை. 17-ஆம் வசனத்தில், நன்மை இன்னதென்று அறிந்தும் அதைச் செய்யாதிருப்பது பாவம் என்று உணர்த்தி முடிக்கிறார். கவனியுங்கள்: நாளை நிச்சயமில்லை என்ற போதனை அவரை மரண பயத்திற்கு நடத்தவில்லை, இன்று செய்யாமல் விட்ட நன்மைக்கே நடத்துகிறது.

ஊரிலுள்ள பெற்றோருக்கு நீங்கள் மாதந்தோறும் பணம் அனுப்பக்கூடும். பத்து நிமிஷம் அவர்களோடு மனம்விட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று? பூர்வீக நிலத்தின் பாகப்பிரிவினையில் மனஸ்தாபப்பட்ட உடன்பிறந்தவருடன், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பேசலாம் என்று தள்ளிவைத்திருக்கிறீர்களா? வீட்டுக்கடன் முடிந்தபின் ஊழியத்திற்குக் கொடுக்கலாம், பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தபின் குடும்ப ஜெபத்தைத் தொடங்கலாம் என்று சொல்லுகிறீர்களா? ஆண்டவருடைய வருகை சமீபம் என்று சபையில் பாடுகிறோம்; வீட்டிலோ நூறு வருஷம் கையிலிருப்பதுபோல் ஒப்புரவாகுதலைத் தள்ளிப்போடுகிறோம். சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணிய வேண்டும் என்பது பவுல் எபேசு சபைக்குக் கொடுத்த ஆலோசனை. அவர் குறித்த தவணை ஒரு பகல் மட்டுமே!

அந்த மும்பை இரவில் இன்னொரு காட்சியும் உண்டு. வெள்ளத்தில் நடந்துவந்த முன்பின் அறியாதவர்களுக்கு வழியோரத்துக் குடும்பங்கள் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஈரத்தோடு வந்தவர்களை வீட்டுக்குள் தங்கவைத்தார்கள். எந்த மொழி, எந்த ஊர் என்று விசாரிக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அந்த உதவி உதவியாயிராது.

நம்முடைய நாட்கள் மாறும், தேவனோ மாறாதவர். எருசலேம் பாழாய்க் கிடந்தபோதும், கர்த்தருடைய இரக்கம் காலைதோறும் புதிதாயிருப்பதைப் புலம்பல் ஆசிரியர் கண்டார். இன்று காலை உங்களுக்கும் அந்த இரக்கம் புதிதாய் அருளப்பட்டது. இந்தப் பத்திரிகையை மடித்துவைக்குமுன், நீங்கள் பேசவேண்டிய அந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றே பேசுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் நாட்களை எண்ணி நடக்கும் ஞானத்தைத் தாரும். இன்று செய்யவேண்டிய நன்மையை நாளைக்குத் தள்ளாதபடி எங்களைப் பரிசுத்த ஆவியினாலே ஏவியருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.