காகிதத்தை நம்பினார்கள், பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள்

திருப்பூர் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். கடைசிப் பத்து வருடம் ஆடிட்டுக்குக் கணக்கு தயார் செய்வதுதான் வேலை. லண்டனில் இருக்கும் பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஆள் அனுப்புவார். வந்தவர் கழிவறைகளை எண்ணுவார், அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்ப்பார், டெய்லரைத் தனியாகக் கூப்பிட்டு ஓவர்டைம் காசு வந்ததா என்று கேட்பார். அப்படியும் ஏமாற்றினார்கள். இரண்டு சம்பளப் பதிவேடு வைத்திருந்த கம்பெனி ஒன்று எனக்குத் தெரியும். அதில் ஒரு பதிவேட்டை எழுதியவனே நான்தான். ஆகவே காகிதம் எப்படித் தயாராகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துத் தோட்டத்து அம்மிணி போன வருடம் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. கோவையில் பி.எஸ்சி. நர்சிங் படித்த பிள்ளை. அங்கே முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு 2023இல் போனது. அப்பா தென்னந்தோப்பை அடமானம் வைத்து ஏஜெண்டுக்குக் கட்டியது பன்னிரண்டு லட்சம். "கம்பெனி பேரு அவங்க கவர்மெண்டு லிஸ்ட்லயே இருக்குதுங்கண்ணா" என்று என்னிடம் காட்டினார். நானும் பார்த்தேன். இருந்தது. "அப்புறம் என்னங்க, தைரியமா அனுப்புங்க" என்று சொன்னவனும் நான்தான்.

அந்த லிஸ்ட் என்ன என்று பிறகுதான் விசாரித்தேன். வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அந்த நாட்டு முதலாளி உள்துறையிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்க வேண்டும். சில ஆவணங்கள், பொறுப்பாளர் பெயர், சிறிய கம்பெனி என்றால் அப்போது 536 பவுண்டு கட்டணம். லைசென்ஸ் கிடைத்ததும் 'ஏ' தரம். அதன்பின் ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்பான்சர் சான்றிதழ் என்று ஒன்றைக் கொடுக்கலாம். பெயர்தான் சான்றிதழ்; உண்மையில் கணினியில் வரும் ஒரு எண். அந்த எண் இருந்தால்தான் விசா.

2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு இந்தக் கதவைத் திறந்தார்கள். நடந்தது என்ன என்பதை அவர்களுடைய குடியேற்றத் துறைத் தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் நீலின் அறிக்கையே சொல்கிறது. 2024 மார்ச்சில் வெளியானது. இல்லவே இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 சான்றிதழ். நாலே பேர் வேலை செய்வதாகச் சொன்ன இன்னொரு கம்பெனிக்கு 1,234 சான்றிதழ். லைசென்ஸ் வாங்கிய 1,600 முதலாளிகளுக்கு ஒரு ஆய்வு அதிகாரி வீதம்தான் இருந்தார்.

ஒரு பனியனுக்கு ஆள் அனுப்பிக் கழிவறையை எண்ணிய நாடு ஐயா அது! பையர் வேறு, அரசாங்கம் வேறு என்பீர்கள். சரி. ஆனால் கடைக்காரருக்கு இருந்த அக்கறை அரசாங்கத்துக்கு இருக்கக் கூடாதா?

என் கோபம் ஏமாந்ததில் இல்லை. நாங்களும் ஏமாற்றியவர்கள்தான். தவறு வெளிப்பட்ட பிறகு யாரைத் தண்டித்தார்கள் என்பதில்தான் கோபம். 2022 ஜூலை முதல் 2024 முடிய, பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட லைசென்சுகளைப் பிடுங்கினார்கள். நல்லது. ஆனால் விசா அந்த ஒரே முதலாளியோடு கட்டிய கயிறு. லைசென்ஸ் போனால் வேலை செய்கிறவருக்கு 60 நாள் கெடு. அதற்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும். 39,000 பேருக்கு மேல் இப்படி நடுத்தெருவில் நின்றார்கள். எங்கள் அம்மிணி அதில் ஒன்று. வாரம் பத்து மணி நேர வேலைகூடக் கொடுக்காத கம்பெனி அது. புகார் சொன்னால் கம்பெனி லைசென்ஸ் போகும், கூடவே தன் விசாவும் போகும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தது பிள்ளை. யோசித்துப் பாருங்கள், திருடனைக் காட்டிக்கொடுத்தால் பறிகொடுத்தவருக்கும் தண்டனை என்றால் யார் வாய் திறப்பார்கள்?

"போறவங்கதான் பாத்துப் போகோணும்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். எதைப் பார்ப்பது? அரசாங்க லிஸ்ட்டைத்தான் பார்த்தோம். கோவையில் உட்கார்ந்திருக்கும் விவசாயி, அந்த நாட்டு உள்துறையே போய்ப் பார்க்காத கட்டடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டுமா?

2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வாசலைச் சாத்தியதால் வழி சரியாகிவிடாது. மற்ற வேலைகளுக்கு அதே லைசென்ஸ், அதே 60 நாள். முன்பு நாலு வருடத்துக்கு ஒருமுறை லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விசாவை முதலாளியோடு கட்டாமல் தொழிலோடு கட்டுங்கள். லைசென்ஸ் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். நீங்கள் நம்பியது தப்பாகிப் போனால் அந்தச் செலவை வேலைக்கு வந்தவர் தலையில் கட்டாதீர்கள்.

நம் பக்கமும் யோக்கியமில்லை. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் என்று நம் நாட்டு விதி இருக்கிறது. பன்னிரண்டு லட்சம் கேட்டபோதே நாங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். அந்த ஏஜெண்ட் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறாரா என்றும் நான் பார்க்கவில்லை. இங்கிலாந்து லிஸ்ட்டைப் பார்த்தவன் நம்மூர் லிஸ்ட்டைப் பார்க்கவில்லை.

இப்போது அம்மிணி காந்திபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறது. சம்பளம் தோப்பின் வட்டிக்கே சரியாகப் போகிறது. வழியில் பார்த்தால் இன்னும் "நல்லாருக்கீங்களா பெரியப்பா" என்றுதான் கேட்கிறது. எனக்குத்தான் பதில் வருவதில்லை.