மவுஸை அவர் கையில் கொடுங்கள்!

பேரவை மலருக்குக் கவிதையோ ஜோக்கோ எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. ஜோக் வரும், அதனால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

நான் முதலாமாண்டு சேர்ந்தபோது நூலகக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. புத்தகம் எடுக்க லெட்ஜர்தான். ‘நோ டியூஸ்’ கையெழுத்து வாங்கும் நாளில் வரிசை கேண்டீன் வரைக்கும் போகும். “நம்ம நூலகர் சார் வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்குத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாரு, அதுவும் பொட்டு வைக்க!” என்று ஒரு ஜோக் சுற்றியது இல்லையா? அதைக் கிளப்பிவிட்டவன் நானேதான்.

சாரை ஒருமுறை பயிற்சிக்கும் அனுப்பினார்கள். ஒரே நாள். ஹால் நிறைய ஆட்கள், முன்னால் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார், மாலையில் சான்றிதழ். இங்கே வந்து பார்த்தால் அங்கே காட்டிய மென்பொருளே வேறு. துணி மறுபடியும் போர்த்தப்பட்டது.

இரண்டாமாண்டில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ‘கோஹா’ மென்பொருளைப் போட்டுக் கொடுத்தோம். காசு கிடையாது. நியூஸிலாந்தில் ஒரு சின்ன நூலகத்துக்காக எழுதி, 2000-ஆம் ஆண்டு வெளியே விட்டது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் போதும், ‘இசட் 39.50’ என்கிற வழியில் வெளிநாட்டுப் பெரிய நூலகங்களிலிருந்துகூட அதன் விவரத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும். எங்களுக்கு ஒரே குஷி! நான் டைப் அடிப்பேன், சார் பின்னால் நின்று பார்ப்பார். “தம்பி, இது எப்படி வந்துச்சு?” என்பார். “நான் பார்த்துக்கறேன் சார், நீங்க விடுங்க” என்பேன்.

பிறகு இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக இரண்டு வாரம் வெளியூர் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கவுண்டரில் பழைய லெட்ஜர்! ஏதோ ஒரு பாஸ்வேர்டு பிரச்னை. யாரிடம் கேட்பது என்று சாருக்குத் தெரியவில்லை. தப்பு அவர் மேல் இல்லை. மவுஸை நான் ஒருநாளாவது அவர் கையில் கொடுத்தேனா?

நாங்கள் அடித்து வைத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக்கல் பசங்க எல்லாரும் புரட்டுகிற தெராஜா புத்தகத்தை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் ஏற்றியிருந்தோம். தேடினால் பாதிப் பிரதிகள் வராது. அதைக் கண்டுபிடித்தது சார்தான். “ஆசிரியர் பேரு ஒரே மாதிரி இருக்கணும்ப்பா, அது நூலகத்தோட முதல் பாடம்” என்றார். 621.3 என்றால் எலக்ட்ரிக்கல், 005 என்றால் புரோகிராமிங் என்று அலமாரியைப் பார்க்காமலே சொல்கிற மனுஷர். அவர் படிப்பு இல்லாமல் எங்கள் கம்ப்யூட்டர் படிப்பு அரைகுறைதான்.

அதிலிருந்து வியாழக்கிழமை நாலேகாலுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். மவுஸ் அவர் கையில், என் கை என் மடியில். சொல்ல சுலபம் நண்பர்களே, உட்கார்ந்து பாருங்கள், கை பரபரக்கும்! ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. புத்தகம் திரும்ப வாங்குவது ஒரு வாரம், பார்கோடு ஒட்டுவது ஒரு வாரம், பேக்கப் எடுப்பது ஒரு வாரம். செய்ததை அவரே தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். இன்று அந்த நோட்டைப் பார்த்து உதவியாளர் அக்காவும் வேலை செய்கிறார்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு அல்ல. 2006-ல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஊழியர்களுக்கு 23 சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, அவரவர் இடத்திலேயே செய்து பழகச் சொன்னார்கள். முடித்தவர்களுக்கு ஒரு எம்.பி.3 பிளேயர் பரிசு! 2010-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்களும் இதே வழியில் கற்றார்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது கணக்கு வாத்தியார்தானே! லண்டனில் படிக்கப் போனவர் வகுப்போடு நிற்காமல், அங்குள்ள நூலகங்களுக்கு நேரில் போய் வேலை நடப்பதைப் பார்த்தே பெரும்பகுதி கற்றுக்கொண்டார்.

ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. சார் கற்றுக்கொள்கிற அந்த ஒரு மணி நேரம் வேலை நேரக் கணக்கில் வரவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சான்றிதழ் தருகிற பயிற்சி என்றால் ‘ஆன் டியூட்டி’, தன் மேஜையிலேயே கற்றால் சொந்தப் பொழுதா? வாரம் ஒரு மணி நேரத்தை வேலை நேரமாக எழுதச் சொல்லி நிர்வாகத்திடம் பேரவை கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் ஏப்ரலோடு போகிறேன். தேசிய மின்னூலகத்தில் நமக்கு வேண்டிய பாடப் புத்தகங்களைத் தேடி எடுப்பதை அடுத்ததாகப் பழக வேண்டும் என்று சார் நோட்டில் தலைப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாமாண்டிலிருந்து இரண்டு பேர் வேண்டும், எந்தப் பிரிவானாலும் சரி. வியாழன் நாலேகால். வரும்போது கையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டு வாருங்கள்.