அமாவாசைச் சோற்றுக்கு வந்தது காகமா, அண்டங்காக்கையா?

அமாவாசையன்று அருப்புக்கோட்டைத் தெருக்களில் நடந்தால், மொட்டை மாடிகளிலிருந்து ‘கா... கா...’ என்று கூப்பிடும் குரல் கேட்கும். காகம் சோற்றை எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு. சாம்பல் கழுத்துக் காகம் வந்தால் சந்தோஷம். முழுக் கறுப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தால், “சூ... சூ... அண்டங்காக்கா!” என்று விரட்டுகிறவர்களும் உண்டு.

இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் வேறு வேறு இனம். ஊர்க்காகத்துக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம், நீளம் சுமார் 40 செ.மீ. அண்டங்காக்கை அதைவிடப் பெரிது. உடம்பு முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, தடித்து வளைந்த அலகு, கனத்த குரல்.

ஊர்க்காகம் மனிதர்களை ஒட்டியே வாழும். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கறிக்கடை வாசல்தான் அதன் இடம். கப்பல் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே மற்ற பறவைகளின் முட்டை, குஞ்சுகளைத் தின்பதால், 10 லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக 2024-ல் கென்யா அறிவித்தது. நாம் கூப்பிட்டுச் சோறு வைக்கும் பறவை, அங்கே வேண்டாத விருந்தாளி!

அண்டங்காக்கையைப் பார்க்க, ஊரைத் தாண்டித் திருச்சுழி பக்கம் போக வேண்டும். கரிசல் காடு, கருவேல மரம், கண்மாய்க்கரை என்று சுற்றும். ஆடு, மாடு செத்துக் கிடந்தால் அதன் தடித்த அலகுக்கு வேலை வந்துவிடும். முன்பு அந்த வேலையைச் செய்த பிணந்தின்னிக் கழுகுகள், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால் நாடெங்கும் கொத்துக் கொத்தாக மடிந்தன. 2006-ல்தான் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. கழுகு இல்லாத காட்டில், சுத்தம் செய்ய மிச்சம் இருப்பவற்றில் அண்டங்காக்கையும் ஒன்று. அதைப் போய் அபசகுனம் என்கிறோம். கறுப்பாக இருக்கும் பிள்ளைகளை அதன் பெயர் சொல்லிக் கிண்டலும் செய்கிறோம். பறவைக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே செய்கிற அநியாயம் இது.

திருச்சுழியில் 1879-ல் பிறந்தவர் ரமண மகரிஷி. திருவண்ணாமலையில் உள்ள அவருடைய ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருப்பது பலருக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே ஒரு காகத்துக்கும் சமாதி இருக்கிறது.

அடுத்த அமாவாசைக்கு உங்கள் மாடிக்கு முழுக் கறுப்பாக ஒருவர் வந்தால் விரட்டாதீர்கள். அவரும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்!